பதினாறு எண்ணிக்கை ஆமென்

அசையாதீங்க சார் என்கிறாள் அந்தப் பெண். நான் எங்கே அசைந்தேன், அசைய இடம் எங்கே இருக்கிறது, இரண்டு முழங்கையும் சுவரில் இடிக்கிறது, மூக்குக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டுதான் படுத்தேன், ஆனாலும் திறந்து பார்த்துவிட்டேன், வெள்ளை, முகத்துக்கு நேரே வெள்ளை, உடனே மூடிக்கொண்டேன், மூடிய பிறகும் அது அங்கேயே இருக்கிறது. வயிற்றின் மேல் தட்டையாக எதையோ வைத்துப் பட்டையால் இறுக்கியிருக்கிறார்கள். காதில் பெரிய ஹெட்போன். வலது கையில் ரப்பர் பல்பு, ரத்த அழுத்தம் பார்க்கிறவர்கள் அமுக்குவார்களே, அதே மாதிரி. பயமா இருந்தா இத அமுக்குங்க சார், உடனே வெளிய எடுத்துருவோம் என்று சொல்லித்தான் கொடுத்தாள். அமுக்கியிருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை நாலாவது நிமிஷத்தில் அமுக்கினேன். வெள்ளிக்கிழமை பதினொன்றாவது நிமிஷத்தில். இன்று மூன்றாவது தடவை, மொத்தம் நாற்பது நிமிஷம், இன்றும் அமுக்கினால் இனி என்னைக் கூப்பிட மாட்டார்கள், அண்ணனுக்கும் அவ்வளவுதான். என் கல்லீரலில் பாதிக்கு மேல் வெட்டி அண்ணனுக்கு வைக்க வேண்டும். வெட்டினால் வளரும், உறுப்புகளிலேயே அது ஒன்றுதான் அப்படி வளரும், நானே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், இயற்பியல் வாத்தியாருக்கு எதற்கு அந்த வேலை. வெட்டுவதற்கு முன்னால் உள்ளே பித்தக் குழாய் எப்படி ஓடுகிறது என்று படம் எடுக்க வேண்டும், அதற்குத்தான் இந்த ஸ்கேன் குழாய். மயக்க மருந்து கொடுத்துப் படுக்கப் போட்டுவிடலாமே என்று கேட்டேன். முடியாதாம். அவள் சொல்லும்போது மூச்சை நிறுத்த வேண்டும், மயங்கிக் கிடப்பவன் எப்படி நிறுத்துவான்.

மூச்சை இழுங்க. விடுங்க. அப்படியே நிறுத்துங்க. நிறுத்தினேன். டக் டக் டக் என்று யாரோ தகரத்தை அடிக்கிற மாதிரி தலையைச் சுற்றிச் சத்தம், பிறகு ஊரிலே ஆழ்குழாய் போடுகிற சத்தம், பிறகு ஒன்றுமில்லை. மூச்சு விடுங்க. விட்டேன். இப்படி ஒன்று முடிந்தது, இன்னும் எத்தனையோ. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் இல்லை, வந்ததும் அன்னாசிப்பழச் சாறு மட்டும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள், படம் தெளிவாக விழுமாம், அது இப்போது தொண்டை வரைக்கும் புளித்து வருகிறது. அமுக்கினால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது, அதுதான் பிரச்சினை. போன வாரம் இங்கே ஒரு டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்கள், மிஸ்டர் ஆசீர், கொடுக்க மனசு இல்லேன்னா எங்கிட்ட சொல்லிடுங்க, மருத்துவக் காரணம், பொருந்தலன்னு எழுதிடுவோம், வீட்ல யாருக்கும் தெரியாது, உங்க மேல ஒரு பழியும் வராது. எவ்வளவு மரியாதையாகச் சொன்னார்கள். நான் சேச்சே என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன், அன்று முழுக்க அந்த வார்த்தையை வாயில் மிட்டாயைப் போல அதக்கிக்கொண்டே திரிந்தேன், பொருந்தலை, பொருந்தலை. அண்ணிக்குச் சர்க்கரை. அண்ணன் மகனுக்கு ரத்த வகை சேரவில்லை. மிச்சம் நான்தான், நானும் பொருந்தவில்லை என்றால் யார் என்ன சொல்ல முடியும். மேபெல்லிடம் கேட்டேன், கட்டினவள் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எவ்வளவு லேசாக இருக்கும். நான் ஏன் சொல்லணும், நீங்க தப்பிக்க என் வாயத் தேடாதீங்க என்றாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். அவளுக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரியும், இருபது வருஷம் ஆகிறது.

ஆனால் இன்று காலை அண்ணன் செய்தானே, அதை எங்கே கொண்டு வைப்பது. ஸ்கேன் அறை வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், கண் இரண்டும் மஞ்சள், வயிறு மட்டும் பெரிதாக, கை கால் குச்சி. ஞானமணி அண்ணன் ஒரு சொட்டு குடித்தவன் இல்லை, சபையில் பாதிப் பேர் இன்னும் நம்பவில்லை, ஜெபிக்க வருகிறவர்கள்கூட ஒரு மாதிரி மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத்தான் ஜெபிக்கிறார்கள். நான் பின்னால் கயிறு கட்டுகிற அங்கியைப் போட்டுக்கொண்டு, மோதிரத்தைக் கழற்றி மேபெல் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போகத் திரும்பினேன், அப்போதுதான் கையைப் பிடித்தான். லேய் ஆசீரு, ஒண்ணு சொல்லணும்ல. வந்து பேசுவோம்ணே. இல்லல, இப்பவே சொல்லிருதேன். அந்தப் பெட்டி, கொண்டியப் போட்டது நாந்தாம்ல. வெளையாட்டுக்குத்தான் போட்டேன், போட்டுட்டு பந்து வெளையாடப் போயிட்டேன், மறந்தே போச்சு. முப்பத்தேழு வருஷம் வாயைத் திறக்காதவன், நான் இந்தக் குழாய்க்குள் போவதற்கு அரை நிமிஷம் முன்னால் சொல்கிறான். எனக்கு வந்த கோபத்தில் கையை உருவிக்கொண்டு உள்ளே வந்தேன். ஏன் சொன்னான், ஏன் இப்போது, நான் ஓடிப்போக ஒரு காரணம் கொடுத்தானா, இல்லை இது தெரியாமல் நான் கொடுத்துவிடக் கூடாது என்றா, இல்லை சாகப்போகிறவன் இறக்கி வைத்துவிட்டானா. எனக்கு ஒன்பது வயசு, அவனுக்குப் பதின்மூன்று. வேதக் கோயிலில் பாதிரி ஐயர் அங்கி மாற்றுகிற அறையில் பாட்டுக்குழுவின் அங்கிகளை மடித்து வைக்கிற நீளமான மரப்பெட்டி, தேக்கு, ஓய்வுநாள் பள்ளி முடிந்து ஒளிந்து விளையாடினோம், நான் அதற்குள் போய்ப் படுத்தேன். அந்துருண்டை வாசனை. மேலே கொண்டி விழுந்த சத்தம் இப்போதும் கேட்கிறது, சின்னச் சத்தம்தான், டக். கத்தினேன், தட்டினேன், அப்புறம் கத்த மூச்சு இல்லை, மூலையில் பூட்டு கழன்ற ஓட்டை ஒன்று இருந்தது, அதில் வாயை வைத்துக்கொண்டு கிடந்தேன். ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்த ஜெபம் எல்லாம் சொன்னேன், தெரிந்ததையெல்லாம் முடித்துவிட்டுச் சாப்பாட்டு ஜெபத்தையும் சொன்னேன். கர்த்தர் வரவில்லை. சாயங்கால மணி அடிக்கக் கோயில்குட்டி வந்தார், கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவர், அவர்தான் திறந்தார். ஈஸ்டருக்குத் துவைத்து வைத்த அங்கிகளின் மேல் மூத்திரம் போயிருந்தேன், அப்பா வேலியில் குச்சி ஒடித்து அடித்தார்கள், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான்.

இழுங்க. விடுங்க. நிறுத்துங்க. இப்போது எத்தனையாவது, ஏழா, எட்டா. அந்துருண்டை வாசனை வருகிறது, இங்கே வராது, ஆனால் வருகிறது, பெருவிரல் பல்பின் மேல் இருக்கிறது, ரப்பர் லேசாக உள்ளே போகிறது, இன்னும் கொஞ்சம் அமுக்கினால் மணி அடிக்கும். விடுங்க என்கிறாள், விடுகிறேன். உள்ளே இழுத்த காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒன்றுமில்லை, விட்ட பிறகு காலி நெஞ்சோடு நிற்கச் சொல்கிறாளே, அதுதான் கொடுமை. ஆனால் அது எனக்குத் தெரிந்த வேலை. பாட்டுக்குழுவில் பேஸ், அதாவது அடிக்குரல், பாடுகிறவன் நான், அண்ணனும் பேஸ், மற்றவர்கள் துபாய் குவைத் என்று போய்விட்டார்கள், பதினெட்டு வருஷமாக அந்த வரிசையில் நாங்கள் இரண்டு பேர்தான். பேஸுக்கு ராகம் கிடையாது. வீட்டில் தனியாக எங்கள் பகுதியைப் பாடினால் என்ன பாட்டு என்றே யாருக்கும் தெரியாது, மேபெல்லே மாடு கத்துகிற மாதிரி இருக்கு என்பாள். பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி நேர ஆராதனை முடிவில் ஒரு ஆமென் பாடுவோம், பேஸ் மட்டும் ஒரே சுரத்தில் பதினாறு எண்ணிக்கை நிற்க வேண்டும், ஒரு மனுஷன் மூச்சுக்கு அது நடக்காது. அதனால் பாட்டுக்குழுவை நடத்துகிற தங்கையா சார் எங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார். ஞானமணி, நீ அஞ்சுல மூச்சு எடு. ஆசீர், நீ ஒம்பதுல எடு. பக்கத்துல நிக்கவன் எடுக்கும்போது செத்தாலும் நீ எடுக்காத. அவ்வளவுதான் சட்டம். கேட்கிறவர்களுக்கு ஒரே மூச்சு. நான் ஒன்பதில் வாயை மூடும்போது என் தோளுக்குப் பக்கத்தில் அண்ணன் குரல் நிற்கும், பலகை மேடையில் நிற்பதால் அது கால் வழியாக ஏறும், நான் இல்லாமலும் அது போய்க்கொண்டிருக்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் வருஷம் முழுக்கப் பாட்டுக்குழுவுக்குப் போனேனோ என்னவோ.

அதிலும் ஒரு வருஷம் குளறுபடி, மூன்று வருஷத்துக்கு முன்னால். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு கல்யாணப் பேச்சு வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம், பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிறேன் என்று பெட்டிக் கதையைச் சொன்னேன், சொல்லிவிட்டு, பூட்டுனது யாருன்னு பெரியப்பாட்ட கேளுங்க என்றேன். அண்ணன் நிமிரவே இல்லை. எந்தப் பெட்டி என்று கேட்டுவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டான். அதிலிருந்து ரொம்ப நாள் நாங்கள் பேசவில்லை. பெரிய வெள்ளி அன்று அடுத்தடுத்து நின்றோம், முகம் பார்க்கவில்லை, சிலுவையைப் பற்றி ஐயர் மூன்று மணி நேரம் பேசினார், எங்கள் இரண்டு பேர் காதிலும் ஏறவில்லை. ஆமென் வந்தது. ஐந்தில் அண்ணன் மூச்சு எடுக்கவில்லை, வீம்பு, அப்படியே இழுத்துக்கொண்டு வந்தான். ஒன்பதில் நான் எடுத்தேன், அதே ஒன்பதில் அவனும் எடுத்தான். இரண்டு பேரும் ஒன்றாக விட்டுவிட்டோம். போச்சு, ஆயிரம் பேருக்கு முன்னால் ஆமென்னில் ஓட்டை. ஆனால் விழவில்லை. காலுக்குள் அந்தச் சத்தம் இருந்தது. நான் பாடவில்லை, அவன் பாடவில்லை, அது இருந்தது. வாசலில் ஐயரம்மா, இந்த வருஷந்தான் ஆமென் நிறைவா இருந்துச்சு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தங்கையா சார் மட்டும் எங்களை நிறுத்தி வைத்தார். ரெண்டு பேரும் ஒண்ணா விட்டிய, எனக்குத் தெரியும். ஆனா ஏன் விழலன்னு எனக்குத் தெரியல, போங்க. நான் விடுவேனா. அடுத்த சனிக்கிழமை ஸ்டாப்வாட்சோடு காலிக் கோயிலுக்குப் போய்க் கைதட்டிப் பார்த்தேன், கூரை உயரம், கல் சுவர், ஒன்றரை விநாடி எதிரொலி நிற்கிறது. சரி, எதிரொலி. மூச்சு எடுக்க எவ்வளவு ஆகும் என்று அளந்தேன், இரண்டு விநாடி. மறுபடி அளந்தேன், இரண்டு. அரை விநாடி இடிக்கிறது. அந்த அரை விநாடி யாருடையது. மூன்று வருஷமாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, பாடம் நடத்தும்போது, பல் தேய்க்கும்போது, இதோ இப்போதும்.

காலையில் ஐயர் போனில் ஜெபித்தார். பயத்தின் ஆவி இந்த நிமிஷமே விலகிப்போகட்டும் என்றார், பிறகு, விலகிப் போயிட்டு பிரதர், விசுவாசிங்க என்றார். அது எங்கேயும் போகவில்லை, என்னோடுதான் ஆட்டோவில் வந்தது. விசுவாசம் இருந்தால் பயம் இருக்காது என்று எல்லாரும் சொல்கிறார்கள், எனக்குப் பயம் இருக்கிறது, அப்படியானால் விசுவாசம் இல்லை, கணக்கு சரியாகத்தான் வருகிறது, அதனால்தான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை, லிஃப்டில் ஏறாமல் படியேறிவிட்டு உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக் காலண்டரில் கெத்செமனே படம் இருக்கிறது, சிலுவைக்கு முந்தின ராத்திரி, இயேசு பாறையில் சாய்ந்து முழங்கால் போட்டிருக்கிறார், தலை சீவியிருக்கிறது, போட்டோ எடுக்கப் போகிறவர் மாதிரி அமைதி. அப்படியா இருந்திருப்பார். வேர்த்து ஊற்றியது என்றுதானே இருக்கிறது, ரத்தம் மாதிரி. வேண்டாம் என்றுதானே கேட்டார், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை, அதே வார்த்தையை, புது வார்த்தைகூட வரவில்லை அவருக்கு. கூட வந்தவர்கள் தூங்கிவிட்டார்கள். மூன்று தடவை. செவ்வாய், வெள்ளி, இன்று. எனக்கு இது ஏன் இதுவரை தோன்றவில்லை, அவருக்குப் பயம் விலகியது என்று எங்கேயும் எழுதவில்லையே, நடுக்கத்தோடு எழுந்து போனார் என்றுதான் நினைக்க முடிகிறது. அவர் கையிலும் பல்பு இருந்தது. கூப்பிட்டால் சேனை சேனையாகத் தூதர்கள் வந்திருப்பார்கள், உடனே வெளியே எடுத்திருப்பார்கள், யாரும் பழி சொல்லியிருக்க மாட்டார்கள். கையில் வைத்துக்கொண்டே அமுக்காமல் போனார். அந்த மனுஷன் இங்கே வந்தால் என்னைப் பார்த்து, உனக்கு விசுவாசம் இல்லை என்று சொல்வாரா. சொல்ல மாட்டார். இடம் இருந்தால் பக்கத்தில் படுப்பார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து காதுக்குள் போகிறது, துடைக்கக் கையைத் தூக்க முடியாது, அசையக் கூடாது. அன்று பெட்டிக்குள் கர்த்தர் வரவில்லை என்று எத்தனை பேரிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன், கோயில்குட்டி வந்தார் என்பதை எப்போதும் சிரிப்புக்காகவே சொன்னேன். பூட்டு கழன்று ஓட்டையாய் இருந்த மூலையில்தான் என் வாய் இருந்தது. அதை ஒரு நாளும் கணக்கில் சேர்த்ததில்லை.

சார், கேக்குதா சார். முடிந்துவிட்டதா. இல்ல சார், கடைசிப் படம் கலங்கி இருக்கு, நீங்க அசைஞ்சிட்டீங்க, ஒரே ஒரு தடவ, இருபது செகண்டு, இது வந்துட்டா போதும். எனக்கு அவளைத் திட்ட வேண்டும்போல இருக்கிறது. முப்பத்தெட்டு நிமிஷம் கிடந்துவிட்டேன், இனி ஒன்றுகூட முடியாது, இது என்ன நியாயம், கண்ணில் தண்ணீர் வந்தால் வயிறு அசையாதா. பெருவிரல் தானாகவே போகிறது. அங்கே மருத்துவக் காரணம் என்று எழுதிய காகிதம் தயாராக இருக்கும். அண்ணா, நீ பூட்டிவிட்டுப் பந்து விளையாடப் போனாய், நான் திறந்துவிட வேண்டுமா, நான் யார், கோயில்குட்டியா. ஆமாம் என்று உள்ளே எதுவோ சொல்கிறது, குரல் எல்லாம் இல்லை, வாத்தியார் புத்திக்குக் குரல் எல்லாம் கேட்காது, ஆமாம் என்பது மட்டும் இருக்கிறது. ஆண்டவரே, எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு அவன் மேல் கோபமாகவும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு கிடக்கிறேன். இதற்கு மேல் எனக்கு ஜெபம் தெரியாது. சரி சார், இழுங்க. விடுங்க. நிறுத்துங்க. ஆமென், ஒன்று. டக் டக் டக். இரண்டு, மூன்று. தங்கையா சார் கை மேலே நிற்கிறது. நாலு. ஐந்து, இங்கே அண்ணன் எடுப்பான், நான் நிற்க வேண்டும், நிற்கிறேன். ஆறு, ஏழு, விலா எலும்புக்குக் கீழே இழுக்கிறது. எட்டு. ஒன்பது, இங்கே நான் எடுப்பேன், எடுக்கக் கூடாது, ஒன்பது, ஒன்பது, நெஞ்சு குதிக்கிறது, காலி, உள்ளே ஒன்றுமே இல்லை, இரண்டு பேரும் விட்டுவிட்டோம், யாரும் பாடவில்லை, கால் வழியாக ஏதோ ஏறுகிறது, இயந்திர அதிர்வுதான், இருக்கட்டும், பத்து, அந்த அரை விநாடிக்குள் நான் கிடக்கிறேன், பதினொன்று, அது தாங்குகிறது, பன்னிரண்டு, பெருவிரல் பல்பின் மேலேயே இருக்கிறது, அமுக்கவில்லை, பதின்மூன்று, பதினாலு, பதினைந்து, பதினாறு. மூச்சு விடுங்க சார், வந்துட்டு, நல்லா வந்துட்டு.

வெளியே இழுத்தபோது என் பல் கிட்டிப்போயிருந்தது, முதுகுத்துணி முழுக்க நனைந்திருந்தது. பல்பை அந்தப் பெண்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து வாங்கினாள். பயம் போகவில்லை. இனிமேல்தான் ஆபரேஷன், பதினெட்டாம் தேதி, அந்தத் தேதியை நினைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மேபெல் பில் காட்டக் கீழே போயிருந்தாள். அண்ணன் வாசலில் வைத்த இடத்திலேயே இருந்தான், கதவை ஒட்டி நாற்காலியை அவனே நகர்த்திக்கொண்டிருந்தான்.

“முடிச்சிட்டியால?”

“முடிஞ்சுட்டுண்ணே.”

“அந்தப் பிள்ள மைக்குல சொல்லுதது இங்க கேக்கும்” என்றான். “நிறுத்துங்கன்னு சொல்லும்போதெல்லாம் நான் மூச்சு எடுத்தேன். பதிமூணு தடவ. ஒண்ணுகூட தப்பல பாத்துக்கோ.”

பெட்டியைப் பற்றிக் கேட்க நிறைய இருந்தது, எல்லாவற்றையும் கேட்கத்தான் போகிறேன், இன்று இல்லை. நாற்காலிக்குப் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தேன், உண்மையில் நிற்பதற்காகத்தான் பிடித்தேன். அவன் தலையைத் திருப்பாமலே கேட்டான்.

“லேய், ஆபரேசன் அன்னைக்கு ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் மயக்கிருவாவளாம். அப்ப யாருல சுரத்தப் பிடிச்சுக்கிட்டு நிப்பா?”

அவனுக்கும் பயம் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“அந்தப் பெரிய வெள்ளிக்கு யாரு பிடிச்சாவ?” என்றேன்.

அண்ணன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். பிறகு, “சரி, வண்டியத் தள்ளு” என்றான்.